நிறுவுமிடமும் நிறுவுவோர் உரிமையும்

மாத்தளை நகருக்கு வடக்கே, யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியின் மருங்கில் அலுவிகாரை அமைந்துள்ளது. வாய்மொழியாகப் போற்றப்பட்டு வந்த பௌத்த மறைகள், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அங்கேயே ஏட்டில் எழுதப்பெற்றன என்பது மரபு. தலைநகராகிய அநுராதபுரத்தை விட்டுத் தொலைவிலுள்ள குகையில் எழுதப்பட்டமையால் அவற்றின் பொருள் குறைந்திலது. 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அவ்விகாரையின் சுவடிகள் அழிந்தன. எனினும் மறை அழிந்திலது. படிகள் பிறவிடங்களிலும் இருந்தன. எழுதிய இடத்தை ஏடு தன்னுட் பொறித்து வைத்திருப்பதில்லை. ஆதலின் எங்குச் சென்றாலும் அது படிக்கப்படும்.

கணினி மென்பொருள் இவ்வியல்பினதன்று. மூலநிரல் துவிதக் கோப்பாகத் தொகுக்கப்படும்போது, அதற்குத் துணையாகும் நூலகக் கோப்புகள் இருக்கும் பாதை அதனுள்ளே பொறிக்கப்படுதல் உண்டு. எழுத்து வடிவிலுள்ள நிரல்களும், தம்மை இயக்கவல்ல மற்றொரு நிரலின் பாதையை முதல் வரியிலேயே தாங்கி நிற்பன. ஒரு கோப்புறைக்கெனச் சமைத்த பொதியை வேறொரு கோப்புறையில் வைத்தால், அது தன் துணைகளைப் பழைய இடத்திலே தேடிக் காணாது செயலற்றுப் போகும். மென்பொருட் பொதிகளைத் தருவித்து நிறுவும் முகாமைக் கருவிகள் பலவும், பயனர் விரும்பிய இடத்தை விடுத்துத் தாம் வகுத்த இடத்தையே வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இக்கட்டுப்பாடு யாரை வருத்துகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். தனக்கெனக் கணினி உடையவனுக்கு இது பொருட்டன்று. பாடசாலைக் கணினிக் கூடத்திற் பலரோடு ஒரு கணினியைப் பகிர்ந்து கற்கும் மாணவனுக்கோ முகாமையுரிமை பொதுவாக அளிக்கப்படுவதில்லை. தன் சொந்தக் கோப்புறையன்றி வேறிடத்தில் அவன் எதனையும் எழுத இயலாது. ஆகவே, நிறுவுமிடத்தைத் தெரியும் உரிமை அவனுக்குக் கற்கும் உரிமையாகவே முடிகின்றது.

இவ்வளவுகோல் கொண்டு மூன்று கருவிகளை மதிப்பிடலாம். 2009 இல் மாக்ஸ் ஹொவெல் தொடங்கிய ஹோம்புரூ, இன்டெல் செயலியுடைய மாக் கணினிகளில் 'யூ.எஸ்.ஆர். லோக்கல்' என்னும் கோப்புறையையும், ஆப்பிளின் சொந்தச் செயலியுடையவற்றில் 'ஒப்ட் ஹோம்புரூ' என்பதனையும் வகுத்த இடமாகக் கொள்கின்றது. வேறிடத்தில் நிறுவுவதை அது தடுப்பதில்லை, ஆயின் ஆதரிப்பதுமில்லை. ஆயத்தமாகச் சமைத்த பொதிகள் பல அங்கே பயன்படா. மூலநிரலிலிருந்து ஒவ்வொன்றையும் தொகுத்தாக வேண்டும். சில நிமிடத்தில் முடியும் பணி சில மணி நேரமாக நீளக்கூடும். விரைவு குன்றிய கணினியை உடையவனே இக்காலத்தை மிகுதியாகச் செலவிடுகிறான். உரிமை ஏட்டளவில் நிற்க, விலை எளியவன் தலையில் விழுகின்றது.

நிக்ஸ் வேறு நெறியது. ஈல்கோ டோல்ஸ்ட்ராவின் 2006 ஆம் ஆண்டு ஆய்வேடு அதன் கொள்கையை விரித்துரைக்கின்றது. ஒவ்வொரு பொதியின் பாதையிலும் அதனை ஆக்கிய உள்ளீடுகளிலிருந்து கணித்த குறியீடு இடம்பெறும்; ஆகவே ஒரே மென்பொருளின் பல பதிப்புகள் முரணின்றி உடனுறையும்; பிழை நேரின் முன்னைய நிலைக்கு மீளலாம். இத்துணைச் சிறப்பும் ஒரே களஞ்சியக் கோப்புறையைச் சார்ந்தது. அதனை மாற்றின் ஆயத்தப் பொதிகள் அனைத்தும் பயனிழக்கும். இடத்தைப் பற்றி மிக நுணுகி ஆராய்ந்த கருவியே இடம்பெயர மிகத் தயங்குவதாயிற்று.

கொண்டா என்னுங் கருவி இவ்வளவு உயரிய கொள்கை எதனையும் பறைசாற்றவில்லை. பொதியைச் சமைக்கையில் நீண்டதொரு போலிப் பாதையை இடுகின்றது. நிறுவுகையில் அதனை நீக்கிப் பயனரின் உண்மைப் பாதையை அவ்விடத்திற் பொறிக்கின்றது. துவிதக் கோப்பின் நீளம் மாறலாகாதாதலின் எஞ்சிய இடத்தை வெற்றுக் குறிகளால் நிரப்புகின்றது. போலிப் பாதையின் நீளம் பொதுவாக 255 எழுத்து; அதனிலும் நீண்ட பாதைக்கு இடமில்லை. இஃது அழகிய தீர்வன்று, ஒட்டுவேலை எனலாம். ஆயினும் சுமையை மாணவன் தோளினின்றும் இறக்கிக் கருவியே தாங்குகின்றது.

வகுத்த இடத்தை ஆதரிப்போர் கூற்றும் புறக்கணிக்கத் தக்கதன்று. தொண்டுள்ளத்தோடு உழைப்போர் சிலர் ஆயிரக்கணக்கான பொதிகளைச் சோதிக்கின்றனர். எல்லாவிடங்களுக்குஞ் சோதித்தல் அவர்க்கு இயலாது. ஓரிடம் வகுத்தலிற் குற்றமில்லை. அவ்விடம் அனைவர்க்கும் எட்டும் என எண்ணுதலே குற்றம். கருவி அமைப்போர் தம் வசதியை மட்டுமன்றி, கணினியின் உரிமை கிட்டாதவனையும் மனத்திற் கொண்டு அமைத்தல் வேண்டும். அவன் கைக்கு எட்டும் கோப்புறையில் இயங்காத மென்பொருள், விலையின்றிக் கிடைப்பினும் அவனுக்குக் கிடைக்காததே ஆகும்.