பனிமலைக் குடிலில் ஈஸ்டர்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, அவற்றுள் இரண்டுக்கு முன்பனி என்றும் பின்பனி என்றும் பெயரிட்டார்கள் எனினும், அவர்கள் கண்ட பனி புல்நுனியில் நின்று வெயில் ஏறியதும் மறைந்துபோகும் பனியேயன்றி, இரவோடிரவாகக் குவிந்து காலையில் கதவைத் திறக்கவொட்டாமல் அடைத்துக்கொள்ளும் பனியன்று. ஆகையால், பனிமலையில் மரக்குடிலொன்றில் விடுமுறையைக் கழிக்கப் போகும் தமிழர், முதல் நாள் முழுவதும் ஜன்னலண்டை நின்று வியந்துவிட்டு, மறுநாள் காலையில் இனி என்ன செய்வதென்று திகைப்பது இயல்பே. காட்சி கண்ணுக்குச் சீக்கிரம் பழகிவிடும். குடிலின் சுகமோ கண்ணால் மட்டும் அடையும் சுகமன்று.

அந்தச் சுகத்தில் கைதேர்ந்த ரஸிகர்கள் நார்வே தேசத்தார். சுமார் 55 லட்சம் ஜனங்களே வாழும் அந்நாட்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விடுமுறைக் குடில்கள் உண்டு. ‘ஹிட்டெ’ என்பது அவற்றுக்குப் பெயர். அவர்கள் குடிலை நாடி மலையேறுவதற்கென்றே கொண்டாடும் விசேஷ காலம் ஈஸ்டர். டிசம்பரில் சூரியன் தலைகாட்டிவிட்டு ஓடிவிடுகிறான். ஈஸ்டர் சமயத்திலோ, பள்ளத்தாக்கில் வசந்தம் தொடங்கிய பிறகும் மேட்டுநிலத்தில் பனி ஆழமாகக் கிடக்க, அதன்மேல் நீண்ட பகலின் வெயில் பொழிகிறது.

ஆஸ்லோவிலிருந்து பெர்கனுக்குச் செல்லும், 1909-ல் திறக்கப்பட்ட ரயில் பாதையில், கடல் மட்டத்துக்கு 1222 மீட்டர் உயரத்தில் ஃபின்ஸெ என்றொரு நிலையம் இருக்கிறது. மோட்டார் சாலை எட்டாத இடம். அங்கே இறங்குகிறவர் உடனே மூட்டையைத் தூக்கிக்கொண்டு விரையாமல் சற்று நிற்பது நலம். புதிதாக விழுந்த பனியின் துகள்களுக்கிடையே காற்று நிறைந்திருப்பதால் அது ஓசையைப் பஞ்சுபோல் உறிஞ்சிவிடுகிறது. ரயிலின் சத்தம் தேய்ந்தபின் எஞ்சும் நிசப்தத்தில், நம்மூர் நடுநிசிக்குத் துணையிருக்கும் சுவர்க்கோழியும் இல்லை, தூரத்து நாயும் இல்லை. நம் மூச்சே நமக்கு இரைச்சலாகப் படும்.

குடிலுக்குள் நுழைந்ததும் வேலை தொடங்குகிறது. இதைத் தொந்தரவென்று கருதுகிறவர் ஓட்டலில் தங்குவதே உசிதம். இமயச் சாரலில் சுவடி எழுதப் பட்டை தந்த பூர்ஜ மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரமே அங்கே விறகு. அந்தப் பட்டையை அவர்கள் அடுப்புப் பற்றவைக்க உபயோகிக்கிறார்களே என்று வருந்தவேண்டாம், ஈரத்திலும் குபீரென்று பற்றிக்கொள்ளும் பசை அதில் இருக்கிறது. குழாயில்லாத பழைய குடிலில் பனியை உருக்கித்தான் தண்ணீர். குண்டான் நிறையப் புதுப்பனியை அள்ளி வைத்தால் தேறுவது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. அடியில் முதலில் சிறிது தண்ணீர் விடாமற்போனால் தீய்ந்த வாடை வேறு. அவ்வாறு காத்திருந்து போட்ட காப்பியை ஒரே மடக்கில் குடிக்க யாருக்கும் மனம் வராது. தரையையே மின்சாரத்தால் சூடாக்கும் குடில்கள் இப்போது பெருகிவருகின்றன. சௌகரியத்தை நான் நிந்திக்கவில்லை, ஆனால் குளிரே எட்டாத இடத்தில் கணப்புக்கு என்ன மதிப்பு? பழைய குடில்களில் கழிப்பறை வெளியே தனியாக நிற்கும். அதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், திரும்பிவரும் இருபது தப்படி என்பேன்.

பகலில் சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு வெளியே போகவேண்டும்; களைத்ததும், காற்றுப் படாத சுவரோரமாக வெயிலைப் பார்த்துக் கண்மூடிச் சாய்ந்துவிட வேண்டும். கையில் ஓர் ஆரஞ்சுப் பழமும், 1937 முதல் விற்பனையாகும் ‘க்விக் லுன்ஷ்’ என்ற சாக்லேட்டும் இருப்பது சம்பிரதாயம். மலைக்குச் செல்வோருக்காக 1952-ல் பிரசாரம் செய்யப்பட்ட விதிகளுள் ஒன்று, காலத்தில் திரும்பிவிடுவதில் வெட்கமில்லை என்கிறது. வானம் மங்கினால் அதைத் தயங்காமல் கடைப்பிடிக்கலாம், அடுப்பு காத்திருக்கிறது.

இரவுக்கு உரியது துப்பறியும் கதை. 1923-ல் நூர்டால் க்ரீக், நில்ஸ் லீ என்ற இரு இளைஞர்கள் புனைபெயரில் ஒரு நாவல் எழுதினார்கள். பெர்கன் ரயில் நேற்றிரவு கொள்ளையடிக்கப்பட்டது என்பதே அதன் தலைப்பு. ஈஸ்டரை ஒட்டிப் பத்திரிகையின் முதற்பக்கத்தில் அத்தலைப்பு விளம்பரமாக வெளிவர, மெய்யான செய்தியென்று நம்பிப் பதறியவர்கள் உண்டு. அன்று தொட்டு ஈஸ்டருக்குக் கொலைக்கதை வாசிப்பது தேசிய வழக்கமாகி, இன்று பால் பெட்டியின்மேல்கூடத் துப்பறியும் சித்திரக்கதை அச்சாகிறது. அதே ரயிலில் வந்து இறங்கியவர், வெளியே காற்று ஊளையிட, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அத்தகைய கதையொன்றைப் பிரிக்கும்போது உண்டாகும் இதமான நடுக்கத்தையும் சேர்த்துத்தான் அவர்கள் ‘கூசெலி’ என்கிறார்கள். ‘கதகதப்பு’ என்று நாம் சொன்னால் அதில் பாதி வரும்.

சொந்தக் குடில் இல்லாதவருக்கு, 1868-ல் தோன்றிய நார்வே மலைப்பயணச் சங்கத்தின் குடில்கள் 500-க்கு மேல் இருக்கின்றன. ஆளில்லாத பல குடில்களில் அலமாரியிலிருந்து உணவை எடுத்துக்கொண்டு, கணக்கைத் தாமே எழுதிப் பணம் செலுத்துவது வழக்கம். புறப்படுமுன், தரையைப் பெருக்கி, சாம்பலை அள்ளி, நாம் வந்த இரவில் இருந்த அளவுக்கு விறகைப் பிளந்து அடுப்பண்டை அடுக்கவேண்டும். மத்தியான ரயிலென்றால், காலைக் காப்பி ஆறுமுன்பே கோடரியை எடுத்துவிடுவது நல்லது.