கல்லில் கட்டம், திரையில் வரி: அறச்சலூர் இசைக் கல்வெட்டின் எழுத்தமைப்பும் அதன் மின்பகிர்வும்

ஆய்வுச் சுருக்கம்

ஈரோடு மாவட்டம் அறச்சலூர் நாகமலைக் குகைத்தளத்தில் உள்ள இசைக் கல்வெட்டு, ஐந்து வரி ஐந்து நிரல் என்னும் சதுர அமைப்பில் எழுத்துகளைக் கொண்டது. நூல்களிலிருந்தும் மின்பக்கங்களிலிருந்தும் ஆய்வேடுகளுக்குப் படியெடுக்கப்படும்போது இவ்வமைப்பு சிதைந்து ஒரே தொடராக மாறிவிடும் வாய்ப்பு மிகுதி. வரி ஒழுங்கும் நிரல் ஒழுங்கும் இக்கல்வெட்டில் புற அலங்காரம் அல்ல, பனுவலின் பகுதி என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. பகிரப்படும் ஆய்வாவணங்களில் காட்சி வடிவமைப்பு எங்குத் தேவை, எங்கு மிகை என்பதையும் அதன்வழி மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: அறச்சலூர், தமிழி, சித்திரகவி, கல்வெட்டுப் பதிப்பு, ஒருங்குறி, பக்க வடிவமைப்பு

முன்னுரை

கொங்கு நாட்டின் தொன்மையான எழுத்துச் சான்றுகளில் புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டுகளும் கொடுமணல் பானையோட்டுப் பொறிப்புகளும் மிகுதியாக ஆராயப்பட்டவை. அறச்சலூர்க் கல்வெட்டு அவற்றினின்று வேறுபட்டது. புகழூர்க் கல்வெட்டு கொடையைக் கூறுகிறது. கொடுமணல் ஓடுகள் பெரும்பாலும் பெயர்களைத் தருகின்றன. அறச்சலூர்க் கல்வெட்டோ பொருள் தரும் சொற்கள் இல்லாத, ஆடலுக்கும் தாளத்திற்கும் உரிய எழுத்தடைவுகளைக் கொண்டுள்ளது. புலவர் செ. இராசு இதனைக் கண்டறிந்து அறிவித்தார். பின்னர் ஐராவதம் மகாதேவன் உள்ளிட்டோர் இதனை ஆராய்ந்தனர். காலக்கணிப்பில் அறிஞரிடையே வேறுபாடு உண்டெனினும், தமிழி எழுத்தின் பிற்கால வளர்ச்சியை இது காட்டுகிறது என்பதில் உடன்பாடு உள்ளது.

இசை வரலாறு, எழுத்து வரலாறு என்னும் இரு நோக்கிலேயே இக்கல்வெட்டு பெரிதும் பேசப்பட்டுள்ளது. எழுத்துகள் பாறைப் பரப்பில் அடுக்கப்பட்ட முறை தனியே கவனிக்கத்தக்கது.

சதுரத்தின் இலக்கணம்

கல்வெட்டின் முதல் தொகுதியில் த, தை, தா, தே என்னும் நான்கு எழுத்துகளே பயின்று வருகின்றன. இவற்றை முறையே 1, 2, 3, 4 எனக் கொண்டால் அடைவின் அமைப்பு பின்வருமாறு அமையும்:

1 2 3 2 1
2 3 4 3 2
3 4 2 4 3
2 3 4 3 2
1 2 3 2 1

முதல் வரியும் முதல் நிரலும் ஒன்றே. இரண்டாம் வரியும் இரண்டாம் நிரலும் ஒன்றே. இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ, மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ வாசித்தாலும் அடைவு மாறுவதில்லை. இதனையே தொடர்வரியாக எழுதினால் கிடைப்பது:

1232123432342432343212321

இத்தொடரிலும் ஓர் ஒழுங்கு எஞ்சுகிறது. ஈற்றிலிருந்து வாசித்தாலும் அதுவே வரும். ஆனால் மேல் கீழ் ஒப்புமை முற்றிலும் மறைகிறது. ஐந்தைந்தாக மடிக்க வேண்டும் என்பதை முன்னரே அறிந்தவர் மட்டுமே அதனை மீட்க இயலும்.

இவ்வேறுபாடு வகைப்பாட்டையே மாற்றவல்லது. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவி வகைகளுள் மாலைமாற்று என்பது ஈற்றிலிருந்து வாசிப்பினும் மாறாதது; சருப்பதோபத்திரம் என்பது நாற்புறமும் ஒத்து வாசிக்கப்படுவது. அறச்சலூர் அடைவைத் தொடர்வரியில் மட்டும் காணும் ஆய்வாளர் அதனை மாலைமாற்றோடு ஒப்பிடுவார். சதுரமாகக் காண்பவர் சருப்பதோபத்திரத்தோடு ஒப்பிடுவார். தண்டியலங்காரத்திற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட கல்வெட்டுக்கு அந்நூலின் பெயர்களை நேராகச் சூட்டுதல் பொருந்தாது. எனினும் ஒப்பீட்டின் திசையை, படியெடுத்தவர் வரி முறித்த இடமே தீர்மானித்துவிடுகிறது என்பது கருதத்தக்கது.

'புணருத்தான்' என்னும் சான்று

கல்வெட்டின் உரைநடைப் பகுதி தேவன் சாத்தன் என்னும் வண்ணக்கனைக் குறிப்பிடுகிறது. அவன் பெயருக்கு முன்வரும் அடைமொழியின் வாசிப்பில் கருத்து வேறுபாடு உண்டு. வண்ணக்கன் என்பது பொன்னையும் நாணயத்தையும் நோட்டம் பார்ப்பவனைக் குறிக்கும் சொல். சங்கப் புலவர் பெயர்களிலும் இடம்பெறுவது. அவன் செய்த செயலைக் குறிக்கும் வினை 'புணருத்தான்' என்பதாகும். 'பாடினான்' என்றோ 'ஆடினான்' என்றோ கல்வெட்டு கூறவில்லை. எழுத்தைப் புணர்த்தியதையே, அதாவது சேர்த்து அமைத்ததையே, அவனுக்குரிய செயலாகப் பதிவு செய்கிறது.

பனுவலை ஆக்கியவனுக்குரிய பெருமை எழுத்துகளின் சேர்க்கையில் உள்ளது என்று கல்லே கூறும்போது, அச்சேர்க்கையைக் கலைத்துவிட்டு எழுத்துகளை மட்டும் தரும் படி முழுமையான படியாகாது.

மீட்புக்குத் துணையாகும் வடிவம்

சதுர அமைப்பின் பயன் அழகோடு முடிவதில்லை. பாறை சிதைந்து ஓர் எழுத்து மறைந்ததாகக் கொள்வோமாயின், தொடர்வரியில் அதனைச் சரிபார்க்க மறுமுனையிலுள்ள ஒரே ஓர் எழுத்தே துணையாகும். சதுரத்திலோ முதல் வரியின் இரண்டாம் எழுத்துக்கு ஒப்பான இடங்கள் வேறு ஏழு உள்ளன. மூலை எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒப்பான மூலைகள் மூன்று. நடுவெழுத்து ஒன்றுக்கே இணை இல்லை. அது சிதைந்தால் ஒழுங்கைக் கொண்டு உறுதியாக மீட்க இயலாது.

இதில் இடரும் உண்டு. ஒழுங்கை நம்பி எழுத்துகளை நிரப்பும் பதிப்பாசிரியர், பொறித்தவன் செய்த மாற்றத்தையோ பிழையையோ தம்மை அறியாமல் திருத்திவிடக்கூடும். ஆதலால் கண்ணால் கண்ட எழுத்து எது, ஊகித்துச் சேர்த்தது எது என்பதைக் குறியீட்டால் வேறுபடுத்துதல் இன்றியமையாதது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் வரி எண்களையும் சதுர அடைப்புக்குறிகளையும் இந்நோக்கிலேயே கையாண்டன. கிரேக்க, இலத்தீன் கல்வெட்டியலில் 1931இல் வகுக்கப்பட்ட லெய்டன் மரபும் இதே தேவையிலிருந்து எழுந்தது. ஒரு மின்னஞ்சலில் ஒட்டப்படும்போது இக்குறிகளும் வரி எண்களும் உதிர்ந்தால், ஊகம் சான்றாகத் தோற்றமளிக்கத் தொடங்குகிறது.

இக்கால எழுத்துருவின் சிக்கல்

சதுரம் சிதைவதற்குப் படியெடுப்போரின் கவனக்குறைவு மட்டுமே காரணம் அன்று. தமிழியில் உயிர்க்குறி, மெய்யெழுத்தின் உடலோடு ஒட்டிய சிறு கோடாக அமைகிறது. ஆதலால் தகரமும் தைகாரமும் ஏறத்தாழ ஒரே அளவு இடத்தில் அடங்கும். இக்காலத் தமிழில் தை, தா, தே ஆகியவற்றில் உயிர்க்குறி தனி உருவமாக முன்னோ பின்னோ நிற்கிறது. தகரம் மட்டும் பாதியளவு இடத்தில் அடங்கிவிடுகிறது. எனவே ஐந்து வரிகளாகத் தட்டச்சு செய்தாலும் நிரல்கள் நேராக நிற்பதில்லை.

ஒருங்குறியிலும் இதே நிலை. அதில் தகரம் ஒரு குறியம். ஏனைய மூன்றும் ஒவ்வொன்றும் இரு குறியங்கள். மேற்கண்ட அடைவின்படி நான்கு மூலைகளில் மட்டுமே தகரம் வருவதால், 25 எழுத்துகள் கணினிக்கு 46 குறியங்களாகின்றன. குறியங்களை எண்ணும் மென்பொருள் இச்சதுரத்தை இனங்காணாது. இடைவெளிப் பொத்தானால் நிரல்களை நேர்ப்படுத்த முயல்வதும் பயனற்றது. எழுத்துரு மாறியவுடன் அது குலையும். வரி எண்ணும் நிரல் எண்ணும் இடப்பட்ட அட்டவணை ஒன்றே எழுத்துரு மாற்றத்தைத் தாங்கி நிற்கும். திரைவாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்ற ஆய்வாளர்க்கும் எழுத்தின் இடத்தை அது உணர்த்தவல்லது.

தேவையும் மிகையும்

வடிவமைப்பு அனைத்தும் ஒரே மதிப்புடையன அல்ல. ஒப்பான இடங்களை ஒரே வண்ணத்தில் காட்டினால் மாணவர்க்குச் சதுரத்தின் ஒழுங்கு உடனே விளங்கும். ஆனால் வண்ணம் ஒன்றையே நம்பிய படம் கறுப்பு வெள்ளை நகலில் ஊமையாகிவிடும். எண்ணோ குறியோ உடன் இருத்தல் வேண்டும். தடித்த எழுத்து, ஊகித்த எழுத்தைக் காட்டப் பயன்பட்டால் சான்றாகும். தலைப்புக்கும் மேற்கோளுக்கும் அழுத்தத்திற்கும் ஒருசேரப் பயன்பட்டால் எதையும் உணர்த்தாது. வடிவமைப்பை நீக்கினால் ஏதேனும் செய்தி இழக்கப்படுகிறதா என்பதே அளவுகோல். இழக்கப்படுமாயின் அது பனுவலின் பகுதி; இல்லையேல் ஒப்பனை.

இவ்வளவுகோல் அறச்சலூருக்கு மட்டும் உரியதன்று. புதுக்கோட்டைக் குடுமியான்மலை இசைக் கல்வெட்டில் சுரங்கள் ஏழு பிரிவுகளில் நான்கு நான்காகக் கூறுபடுத்தப்பட்டுள்ளன. அக்கூறுபாடு நீங்கினால் அங்கும் இசைச்செய்தி குன்றும். மாறாக, உரைநடையாக ஓடும் கொடைக் கல்வெட்டில் வரி முறிவு பெரும்பாலும் பாறையின் அகலத்தால் நேர்ந்தது. அதற்கு வரி எண் போதும்.

முடிவுரை

அறச்சலூர் அடைவைச் சதுரமாகத் தருவதும் தொடராகத் தருவதும் ஒரே பனுவலின் இரு தோற்றங்கள் அல்ல. முன்னது நாற்புற ஒப்புமையையும் மீட்புக்கான வாய்ப்பையும் புணர்த்தியவனின் செயலையும் காக்கிறது. பின்னது எழுத்துகளின் வரிசையை மட்டுமே தருகிறது. எனவே இக்கல்வெட்டை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள் மைப்படியின் படத்தையும் எண்ணிட்ட அட்டவணையையும் அருகருகே தருதல் வேண்டும். ஊகித்த எழுத்துகளை அடைப்புக்குறிக்குள் இடுதலும், அட்டவணை குலைந்தாலும் வரி எல்லை தெரியுமாறு ஒவ்வொரு வரியின் முன்னும் எண்ணிடுதலும் வேண்டும். நாணயத்தின் மாற்றறிந்த வண்ணக்கன் ஒருவன் இடம் பார்த்து வைத்த எழுத்துகளை, அவ்விடத்திலேயே வைத்து அடுத்தவரிடம் சேர்ப்பது படியெடுப்போரின் முதற்கடமையாகும்.