சிரிப்பும் பராக்கிரமமும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் குளத்தூர்ப் பக்கத்தில், வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்த குழந்தைகளுக்கு ‘மாயாவி’ என்ற ஒரே பெயரில் இரண்டு வீரர்கள் வாய்த்திருந்தார்கள். ஒருவர் களியக்காவிளை வழியாகச் சிவகாசியிலிருந்து வந்தவர். மற்றவர் கோட்டயத்திலிருந்து வந்தவர். முன்னவர் சிரிக்கமாட்டார்; பின்னவரின் உலகத்திலோ சிரிப்பு ஓயாது. பராக்கிரமத்தையும் ஹாஸ்யத்தையும் ஒன்றாகக் குழைத்த சித்திரக்கதைகளை ஆராய முற்படும் இந்தச் சமயத்தில், இளமையில் எங்கள் கையில் ஏக காலத்தில் இருந்த அந்த இரண்டு புத்தகங்களிலிருந்து தொடங்குவதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972-ல் தன் முதல் வெளியீடாகக் கொண்டுவந்த ‘இரும்புக்கை மாயாவி’, பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வாரப் பத்திரிகையில் 1962-ல் தொடங்கிய கதையின் தமிழாக்கம். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கரம் பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டல், மின்சாரம் பாய்ந்தவுடன் உடல் மறைந்து கரம் மட்டும் அந்தரத்தில் மிதக்க நிற்பதை, ஸ்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ தீட்டியிருக்கும் கறுப்பு நிழல்களில் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளில் மருட்கையும் அச்சமும் அங்கே பூரணமாக உண்டு. நகைக்கு மட்டும் இடமில்லை.

கோட்டயத்து மாயாவி 1984-ல் ‘பாலரமா’வில் பிறந்தவன். என். எம். மோகன் எழுத, பிரதீப் சாத்தே வரைந்த அந்தக் குட்டிச்சாத்தான், மலையாள நாட்டின் மந்திரவாதக் கதைகளிலிருந்து நேராக இறங்கி வந்து, ராஜு, ராதா என்ற இரண்டு குழந்தைகளுக்குத் தோழனானவன். அவனைக் குப்பியில் அடைத்துவிட வேண்டும் என்று ஓயாமல் பிரயத்தனம் செய்கிற குட்டூசனும், டாகினியும், குந்தத்தின் மேல் ஏறிப் பறக்கும் லுட்டாப்பியும் ஒவ்வொரு முறையும் தோற்றுப்போவதில்தான் அந்தக் கதைகளின் சுவையே இருக்கிறது. அதற்கு ஓராண்டு முன்பே, அதே கோட்டயத்தின் ‘பாலமங்களம்’ பத்திரிகையில், என். சோமசேகரன் எழுத்திலும் பேபியின் சித்திரத்திலும் டிங்கன் தோன்றிவிட்டான். பங்கிலக் காட்டில் குறும்பும் சோம்பலுமாகத் திரிந்த சுண்டெலி ஒன்றை வேற்றுக் கிரகவாசிகள் பிடித்துச் சென்று பரிசோதனை செய்ய, அது மகா பலசாலியாகத் திரும்பிவந்து, அமெரிக்க வீரர்களைப் போலவே காற்சட்டைக்கு மேல் உள்ளாடை தரித்துக்கொண்டு காட்டைக் காக்கப் புறப்பட்டது என்பது அவன் பூர்வோத்தரம்.

நகை எவற்றிலிருந்து பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களங்கள் சொல்கிறார்: இளமை, பேதைமை, மடன், எள்ளல். டிங்கனின் சிரிப்பு எள்ளலில் பிறந்தது. எலிக்குச் சூட்டப்பட்ட மகுடமே சூப்பர்மேன் போன்றோரின் கம்பீரத்தைப் பரிகசிக்கிறது. மாயாவியின் கதைகளில் சிரிப்பு வில்லன்களின் பேதைமையிலிருந்து வருகிறதேயல்லாமல் வீரனிடமிருந்து வருவதில்லை. இந்த இரண்டையும் விட ஆழமான ஒரு வழி உண்டு. வீரனுடைய இளமையையே, அவன் தோளுக்குப் பொருந்தாத பாரத்தையே, நகைக்கு நிலைக்களமாக்குவது அது. அந்த வழியை ஜப்பானியர்தாம் முதலில் தெளிவாகக் கண்டார்கள் என்பது என் துணிபு.

ஹிரோஷி ஃபுஜிமோட்டோவும் மோட்டோ அபிகோவும் ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற ஒரே புனைபெயரில் எழுதிவந்த காலத்தில், 1960-களின் பிற்பாதியில் வெளிவந்த ‘பெர்மன்’ அதற்குச் சிறந்த உதாரணம். ஆகாயத்திலிருந்து வந்த பேர்ட்மேன், மிட்சுவோ என்ற சாதாரணப் பள்ளிச் சிறுவனுக்குத் தலைக்கவசமும் மேலாடையும் பதக்கமும் தந்து வீரனாக்குகிறார். ஆனால் அவன் இன்னும் முழு வீரன் ஆகவில்லையாதலால், ஜப்பானிய உச்சரிப்பில் ‘சூபாமான்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை நீக்கி, ‘பாமான்’ என்ற அரைப் பெயரைத்தான் அளிக்கிறார். கவசம் அணிந்தால் பலம் 6600 மடங்கு பெருகும். மேலாடை அணிந்தால் பறக்கலாம், அதுவும் பிற்காலக் கதைகளில் மணிக்கு 119 கிலோமீட்டர் வேகத்தில்தான். நம் தேசிய நெடுஞ்சாலையில் ஓடும் கார்கூட அந்த வேகத்தை எட்டிவிடும்! அவனுடைய சகாக்களில் ஒருவன் சிம்பன்ஸிக் குரங்கு; இன்னொருவன் எந்நேரமும் பணத்தையே நினைக்கும் ஒசாகாப் பையன்.

இவை எல்லாவற்றையும் விட என்னைக் கவர்ந்தது மிட்சுவோவிடம் இருக்கும் பிரதி பொம்மை. அதன் மூக்கை அழுத்தினால் அது அவனாகவே மாறி, அவன் உலகத்தைக் காக்கப் போயிருக்கும்போது வீட்டில் அமர்ந்து அவனுக்காக வீட்டுப்பாடம் எழுதும். சில சமயம் அதுவும் அலுத்துக்கொண்டு எதிர்த்துப் பேசும். அவன் செய்யும் சாகசங்களோ தாய்க்குத் தெரியக்கூடாது. உண்மை வெளிப்பட்டால் மிருகமாக மாற்றப்படுவான் என்பது பின்னாளில் வந்த படத்தொடரின் நிபந்தனை. ஊரைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பும் வீரன், அறையைச் சுத்தம் செய்யவில்லை என்று அம்மாவிடம் திட்டு வாங்குகிறான். அந்தத் திட்டைக் கேட்டுச் சிரிக்கிற குழந்தை, தன் வாழ்க்கையை நினைத்தே சிரிக்கிறது.

இக்கதை 1967-ல் கறுப்பு வெள்ளைச் சலனச்சித்திரமாகவும், 1983 முதல் 1985 வரை வண்ணத்தில் 526 சிறு கதைகளாகவும் தொலைக்காட்சியில் வந்தது. குறுகிய கால அளவு அதற்கு அனுகூலமாகவே அமைந்தது. ஒரு தவறு, ஒரு பறத்தல், ஒரு திட்டு என்று முடிந்துவிடும் கதைக்கு அதற்கு மேல் நேரம் தேவையில்லை. இந்தியாவில் ஹங்காமா தொலைக்காட்சி இதை இந்தியில் ஒளிபரப்பியபோது, பாஷை புரியாத குழந்தைகளும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். இதோடு ஒப்பிடத் தக்க பிற்கால ஜப்பானியக் கதை ஒன்றும் உண்டு. ஒன் என்ற புனைபெயர்க்காரர் 2009-ல் தொடங்க, யூசுகே முராட்டாவின் சித்திரங்களோடு 2012-ல் மறுபிறவி எடுத்து, 2015-ல் மேட்ஹவுஸ் நிறுவனம் அசையும் படமாக்கிய ‘ஒன் பஞ்ச் மேன்’, ஒரே குத்தில் எல்லோரையும் வீழ்த்திவிடுவதால் சலிப்புற்ற வீரனைக் காட்டுகிறது. அது புத்திசாலித்தனமான எள்ளல். ஆயினும் பெர்மனின் வாஞ்சை அதில் இல்லை.

அந்த வாஞ்சையை மலையாளத்தில் மறுபடி கண்டது 2021 டிசம்பரில், பேசில் ஜோசப்பின் ‘மின்னல் முரளி’ திரைப்படத்தில். குறுக்கன்மூலை என்ற கற்பனைக் கிராமத்தின் தையற்காரன் ஜெய்சன் மேல் இடி விழுகிறது. தன் சக்தி இன்னதென்று விளங்காத அவனுக்கு வழிகாட்டுபவன், சித்திரக்கதை வாசிக்கிற சிறுவன். அதே இடி விழுந்து எதிரியாகும் ஷிபுவாக நடித்தவர் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம். அந்த அவமானப்பட்ட மனிதனின் துயரத்தை அவர் தாங்கிய விதம், எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்கள் பெருமைப்படத் தக்கது.

தமிழில் நிலைமை என்ன? பலம் மட்டும் உள்ள வீரர்களை மொழிபெயர்ப்பில் பெற்றோம். மடன் மட்டும் உள்ள சுப்பாண்டியை, திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த பி. வரதராஜன் அனுப்பிய கதைகளிலிருந்து ‘டிங்கிள்’ பத்திரிகை 1983-ல் உருவாக்கியது. நம் மண்ணில் முளைத்த அந்தப் பேதை ஆங்கிலம் பேசிப் புகழ்பெற்ற பிறகே ‘பூந்தளிர்’ வழியாகத் தமிழுக்குத் திரும்பினான். இரண்டும் ஒன்றுசேர்ந்த வடிவம் 2023-ல் மடோன் அஷ்வினின் ‘மாவீரன்’ படத்தில் கிடைத்தது. பயந்த சுபாவமுள்ள சித்திரக்கதை ஓவியன் ஒருவனுக்கு, அவன் வரைந்த வீரனைப் பற்றிய அசரீரி கேட்கத் தொடங்கி, அதை மீறவும் முடியாமல் ஏற்கவும் துணியாமல் அவன் தவிப்பதே அதன் ஹாஸ்யம். ஆனால் அது சினிமா. குழந்தை கையில் பிடித்துப் படுத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசிக்கக்கூடிய தமிழ்ச் சித்திரக்கதை அல்ல.

சிவகாசியின் பதிப்பாளர்களுக்கும், தமிழில் வரைகிற இளம் ஓவியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வீட்டில் திட்டு வாங்குகிற, அச்சப்படுகிற, பாதி மட்டுமே வீரனான ஒரு தமிழ்ப் பிள்ளையை வரைந்து தாருங்கள். எல்லைக்கு இப்பால் இருக்கும் எங்கள் வீட்டுக் குழந்தைகள், மாயாவியையும் டிங்கனையும் வாசித்த அதே ஆவலோடு அவனையும் வாசிப்பார்கள்.