மூலமும் உரையும்: லிலிபாண்ட் என்னும் இசையச்சு மென்பொருள் பற்றிய திறனாய்வு

மேலைநாட்டு இசையை ஐந்து கோடுகளின்மேல் குறிகளாக அச்சிடும் பணியைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கும் மென்பொருள்கள் பல. அவற்றுள் பெரும்பாலன, திரையில் தோன்றும் கோடுகளின்மீது குறிகளைப் பயில்வோனே எடுத்து வைக்குமாறு அமைந்தவை. லிலிபாண்ட் என்னும் மென்பொருள் அத்தகையதன்று. அதனைக் கையாள்வோன் இசையை எழுதுகின்றான், வரைவதில்லை. எழுத்தும் எண்ணும் சில நிறுத்தக்குறிகளுமே கொண்ட கோப்பு ஒன்றை அவன் இயற்றித் தருதல் வேண்டும். அதனைப் படித்து, கோடும் குறியும் வளைவும் அமைந்த பக்கத்தை மென்பொருள் ஆக்கித் தரும். இதனைப் புகழ்வோர் அதன் அச்சழகையே பெரிதும் பாராட்டுவர். விலையின்றிக் கிடைப்பதை அடுத்துக் கூறுவர். இவ்விரண்டும் அதன் தலையாய சிறப்புக்கள் அல்ல. இசையின் மூலபாடத்தையும், அப்பாடத்திற்குப் பொருள் காணும் விதிகளையும் ஒருங்கே படிக்கத்தக்க எழுத்தாக வைத்திருப்பதே அதன் சிறப்பு என்பது இக்கட்டுரையின் துணிபு. அச்சிறப்பும் குறையற்றதன்று; குறைகளும் ஈண்டு ஆராயப்படும்.

இதன் வரலாறு நீண்டதன்று. நெதர்லாந்து நாட்டில், இளைஞர் இசைக்குழுவொன்றில் பழகிய ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவன்ஹாய்சன் என்னும் இருவர் 1996-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். 1998-இல் 1.0 என்னும் பதிப்பு வெளிவந்தது. பின்னர்ப் பலர் கைபட்டு வளர்ந்து, இன்று குனூ திட்டத்தின் ஓர் உறுப்பாக விளங்குகின்றது. பெயரின் நேர்பொருள் அல்லிக்குளம் என்பதாம். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் கட்டின்மையையும் குறித்து மயக்கம் விளைப்பது. தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. லிலிபாண்ட் இரண்டும் ஆயினும், நம் ஆராய்ச்சிக்குப் பயன்படுவது இரண்டாவதே.

முதற்கண் அதன் எழுத்துமுறையை நோக்குவோம். சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்னும் ஏழு உரோமன் எழுத்துக்கள் ஏழு சுரங்களைக் குறிக்கும். எழுத்தை அடுத்து வரும் எண் கால அளவைக் குறிக்கும். 4 என்றால் முழுச்சுரத்தின் நாலில் ஒரு பங்கு, 8 என்றால் எட்டில் ஒரு பங்கு. எண் இடாவிடின் முன்னைய அளவே தொடரும். மேல்நிலையை மேற்குறியும் கீழ்நிலையைக் காற்புள்ளியும் காட்டும். நம் இசைநூல்களில் காற்புள்ளி நீட்சியைக் காட்டுவதாதலின், அந்நூல்களிற் பழகிய கண்ணுக்கு இது தொடக்கத்தில் இடறும்.

இம்முறையின் உயிர்நிலை ஒன்று உண்டு. எஃப் என்னும் சுரம் அரைச்சுரம் உயர்ந்து ஒலிப்பின் டச்சு வழக்கை ஒட்டி அது ‘ஃபிஸ்’ எனப்படும். தாழும் சுரத்திற்கு ‘எஸ்’ என்னும் இறுதி சேரும். டி மேஜர் என்னும் சுரவரிசையில் அமைந்த பாட்டில் எஃப் எப்பொழுதும் உயர்ந்தே வருவது. ஆதலின் தாளில் அச்சிடும்போது ஒவ்வொரு சுரத்தின் முன்னும் ஷார்ப் குறி இடுவதில்லை. வரியின் முகப்பில் ஒருமுறை இட்ட குறியை நினைவிற் கொண்டு இசைப்போன் படித்துக்கொள்வான். லிலிபாண்டிலோ முகப்புக்குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், உயர்ந்து ஒலிக்கும் இடமெல்லாம் ‘ஃபிஸ்’ என்றே எழுதுதல் வேண்டும். வெறும் எஃப் என்று எழுதினால் உயராத சுரமே கருதப்பட்டதாகக் கொண்டு மென்பொருள் நேச்சுரல் குறியை இட்டுவிடும். புதிதாகக் கற்போர் அனைவரும் இடர்ப்படும் இடம் இது. தாளிற் காண்பதை அப்படியே பெயர்த்தெழுத முயல்வதே இடர்ப்பாட்டின் காரணம். மென்பொருள் கேட்பது தாளில் உள்ள குறியை அன்று. ஒலியின் பெயரையே அது கேட்கின்றது.

நம் இலக்கணத்தோடு ஒப்புநோக்கின் இது விளங்கும். மரவேர் என்பது புணர்ந்த வடிவம். மரம், வேர் என்பன நிலைமொழியும் வருமொழியும். பிரித்த நிலையினின்று புணர்ந்த நிலையை விதி தரும்; புணர்ந்ததை மட்டும் கொண்டு பிரித்தறிவதற்கோ பொருளுணர்ச்சியும் வேண்டும். லிலிபாண்டின் கோப்பு பிரித்த நிலை. அச்சுப்பக்கம் புணர்ந்த நிலை. ஒரு தாளப்பகுதியில் முன்னர் இட்ட ஷார்ப் குறி அப்பகுதி முடியுமளவும் நிற்கும் என்பதும், இடையில் மாறினால் நேச்சுரல் வேண்டும் என்பதும் போன்ற விதிகளை மென்பொருளே ஏற்றுக்கொள்கின்றது.

இசையின் பொருளைக் காப்பதில் இதனினும் நுண்ணிய பயன் ஒன்று உண்டு. பியானோவில் ‘ஃபிஸ்’ என்பதும் ‘கெஸ்’ என்பதும் ஒரே கட்டை. 1983-இல் வகுக்கப்பட்ட மிடி என்னும் மின்னிசை மரபு, நடுநிலையை ஒட்டிய அக்கட்டைக்கு 66 என்னும் ஒரே எண்ணைத் தரும். பெயர் வேற்றுமை அங்கே அழிந்துபோகும். எழுத்து அதனை அழிப்பதில்லை. கருநாடக இசை பயின்றோர்க்கு இது புதுமையன்று. பன்னிரண்டு இடங்களுக்குப் பதினாறு பெயர் வழங்கும் மரபில், சதுச்சுருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஓரிடத்தன. ஆயினும் இராகத்தில் அவற்றின் தொழில் வேறு. ர, ரி, ரு என உயிர் மாற்றி வகை காட்டுவதும், டச்சு மரபில் ‘இஸ்’, ‘எஸ்’ என இறுதி சேர்த்து வகை காட்டுவதும், ஒன்றையொன்று அறியாது தோன்றினும், ஒரே வகையான அறிவின் பயன்களாம்.

பாடவேறுபாடு ஆராய்வோர்க்கு எழுத்தாலாகிய இசையின் நன்மை சொல்லாமலே விளங்கும். இரு பதிப்புக்களின் கோப்புக்களை வரிவரியாக ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தைக் கணத்திற் காணலாம். ஆயினும் இங்கே ஓர் இடர் உண்டு. லிலிபாண்டில் ‘ரிலேட்டிவ்’ என்றொரு முறை உள்ளது. அதன்படி ஒவ்வொரு சுரமும் முன்னைய சுரத்திற்கு அண்மையில் உள்ள நிலையில் வைக்கப்படும். மேற்குறி கீழ்க்குறிகள் பெரிதும் குறையும். எழுதுவோன் கைக்கு இஃது எளிது. ஆனால் ஒரு சுரத்தைப் பிழைபட எழுதினால், அதனைத் தொடர்ந்து வருவன அனைத்தும் ஒரு நிலை மேலேயோ கீழேயோ பெயர்ந்துவிடக்கூடும். ஏடெழுதுவோன் செய்த பிழை ஓரிடத்தோடு நிற்பது. இப்பிழை பாட்டின் இறுதிவரை ஓடும். ஆய்வுப்பதிப்புச் செய்வோர் இம்முறையை விலக்கித் தனிநிலை முறையில் எழுதுதலே தக்கது.

இனி அழகைப் பற்றி. முற்காலத்தில் இசைப்பொறிப்பாளர் வெள்ளீயக் கலவைத் தகட்டில், எஃகு அச்சுக்களைச் சுத்தியால் அடித்து, இடம் வலமாக மாறிய வடிவில் குறிகளைப் பொறித்தனர். பல ஆண்டுப் பயிற்சியினால் வந்த கைத்திறன் அது. லிலிபாண்டை ஆக்கியோர் அத்திறனையே அளவுகோலாகக் கொண்டனர். பாக் என்னும் ஜெர்மானிய இசைப்புலவர் தனிச் செல்லோவிற்கு இயற்றிய முதற்றொகுதியின் 1950-ஆம் ஆண்டுக் கைப்பொறிப்புப் பதிப்பையும், 2000-ஆம் ஆண்டுக் கணிப்பொறிப் பதிப்பையும் அருகருகே வைத்து அவர்கள் எழுதிய கட்டுரை படிக்கத்தக்கது. பின்னையதில் கோடுகள் விறைத்து நிற்கின்றன. அடுத்தடுத்த வரிகளில் தாளக்கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்ந்து, கண்ணானது தான் படித்த வரியைத் தவறவிடுமாறு செய்கின்றன என்பது அவர்தம் கருத்து. அதனை மறுத்தற்கில்லை.

பொறிப்பாளரின் கண்ணை விதியாக்கிய முறையும் வியக்கத்தக்கதே. கால அளவு இருமடங்காயின் சுரத்திற்குரிய இடம் இருமடங்காவதில்லை. ஒரு குறித்த அளவே கூடும். காம்பு மேல்நோக்கிய சுரத்தை அடுத்துக் கீழ்நோக்கிய சுரம் வரின், மேற்காம்பு சுரத்தலையின் வலப்புறத்தும் கீழ்க்காம்பு இடப்புறத்தும் நிற்பதால் இரு காம்புகளும் நெருங்கித் தோன்றும். ஆகவே அச்சுரங்களைச் சற்றே விலக்கி வைத்தல் வேண்டும். மாறி வரின் நெருக்குதல் வேண்டும். அளவுகோலுக்குச் சமமாவது கண்ணுக்குச் சமமாகாது என்னும் உண்மை இங்கே கணக்காகிவிட்டது.

ஆயினும் இக்கணக்கின் இயல்பு ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். பல சுரங்களை இணைக்கும் வளைகோட்டை வரைதற்கு மென்பொருள் பல வடிவங்களை முதலில் கருதும். குறியை முட்டுதல், மிகச் சாய்தல் போன்ற ஒவ்வொரு குறைக்கும் தண்டப்புள்ளி இட்டு, குறைந்த தண்டமுடைய வடிவத்தைத் தேர்ந்துகொள்ளும். நன்னூலார் நூலுக்குப் பத்துக் குற்றம் வகுத்ததோடு அமையாது பத்து அழகும் வகுத்தார். லிலிபாண்ட் குற்றத்தை மட்டுமே எண்ணுகின்றது. குற்றம் குறைந்ததே அதற்கு அழகு. ஆகவே அதன் பக்கங்கள் எங்கும் ஒழுங்காகவும் எங்கும் இனிமையாகவும் உள்ளன. பழம் பொறிப்பாளன் ஓரிடத்தில் துணிந்து விதியை மீறி எய்திய எழில் அவற்றில் அரிதாகவே காணப்படுகின்றது. மீற விரும்புவோர் கோப்பிற்குள் ‘ஓவர்ரைடு’ என்னும் கட்டளைகளை இட்டுக்கொள்ளலாம். ஆனால் பெரிய இசைப்பகுதிகளின் கோப்புக்களைத் திறந்து பார்த்தால், இவ்வளைவை இத்துணை உயர்த்துக, இவ்வெழுத்தை இத்துணை நகர்த்துக என்னும் கட்டளைகள் சுரங்களின் இடையிடையே மண்டிக் கிடப்பதைக் காண்கின்றோம். பொருள் வேறு, தோற்றம் வேறு என்னும் கொள்கை அங்கே தளர்ந்துவிடுகின்றது. அக்கட்டளைகளைத் தனிக்கோப்பில் ஒதுக்கி வைக்க வழி உண்டு. அவ்வாறு செய்வோர் சிலரே.

எழுத்தாக இருத்தல் மட்டும் இசையைக் காக்குமா என்னும் வினாவிற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலைப் பாறையில் ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இசைக்கல்வெட்டு ஒன்று உள்ளது. கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்கள் கொண்ட தொகுதிகளாக அமைந்தது. சுரத்தின் மெய்யெழுத்தோடு அ, இ, உ, எ என்னும் நான்கு உயிர்களும் மாறி மாறி வருகின்றன. உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய அரசன் ஒருவன் மாணாக்கர் நலங்கருதி அமைத்தான் என்று அக்கல்வெட்டே கூறுகின்றது. எழுத்து இன்றும் படிக்க நிற்கின்றது. அவ்வுயிர்கள் யாவற்றைக் குறிக்கின்றன என்பதிலோ அறிஞர் கருத்து ஒருமைப்படவில்லை. மூலம் எஞ்சியது, உரை மறைந்தது.

இந்நிலையில் வைத்துப் பார்க்கும்போதுதான் கட்டின்மை என்பதன் முழுப்பொருளும் புலனாகும். லிலிபாண்டின் மூலநிரல் எவரும் படிக்கவும் படியெடுக்கவும் திருத்தவும் உரிமையுடையது. ‘ஃபிஸ்’ என்பதற்கு எங்கே குறி இடவேண்டும், எங்கே இடலாகாது என்னும் விதி அந்நிரலில் வெளிப்பட எழுதப்பட்டுள்ளது. மூலத்திற்கு வரிதோறும் எழுதப்பட்ட உரை அது என்னலாம். 1988-இல் தோன்றி உலகெங்கும் இசையாசிரியர் கையாண்ட ஃபினாலே என்னும் மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. அதன் கோப்புக்களைப் பொதுவடிவத்திற்கு மாற்றும் வழி உண்டெனினும், அக்கோப்புக்களுக்குரிய உரை நிறுவனத்தின் கையிலேயே உள்ளது.

லிலிபாண்டும் காலத்தால் மாறாததன்று. பதிப்புக்குப் பதிப்பு அதன் சொற்களும் கட்டளைகளும் திரிகின்றன. இருபது ஆண்டுக்கு முன் எழுதிய கோப்பு இன்றைய பதிப்பில் அப்படியே செல்லாமல் நிற்பது இயல்பு. பழைய கோப்பைப் புதுக்கி எழுதும் துணைநிரல் ஒன்றை உடன் வழங்குகின்றனர். எனினும் எல்லாத் திரிபையும் அது தானே திருத்தவல்லதன்று. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் அது எந்தப் பதிப்பிற்குரியது என்று எழுதும் வழக்கத்தை வற்புறுத்தியது அறிவுடைய செயல். இத்தகைய கோப்புக்களால் இயலும் மியூட்டோப்பியா என்னும் கட்டற்ற இசைத்தொகுப்பில் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட இசைப்பகுதிகள் மூலக்கோப்புடன் கிடைக்கின்றன; எந்தக் கோப்பு எந்தக் காலத்து மொழியில் எழுதப்பட்டது என்பதை அத்தலைப்பு வரியே அறிவிக்கின்றது.

நம் இசைக்கு இதனால் ஆவது யாது என்பார்க்கு ஒரு சொல். ஐந்துகோட்டு முறையில் நம் கீர்த்தனங்களை அச்சிட ஏ. எம். சின்னசாமி முதலியார் சென்னையில் 1893-இலேயே முயன்றார். எட்டயபுரத்தில் 1904-இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி சுர எழுத்துக்களையே கொண்டு, கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளை வகுத்தது. லிலிபாண்ட் முன்னவரின் வழியில் செல்வது. பாட்டின் சொற்களைச் சுரங்களின்கீழ்த் தமிழ் எழுத்திலேயே அச்சிட அதனால் இயலும். துருக்கி, அரபு இசைகளுக்குரிய நுண்சுரங்களுக்கும் அதில் இடம் உண்டு. சுரங்களின் பெயர்களைப் பயில்வோனே வகுத்துக்கொள்ளவும் கூடும். ஆனால் அதன் சுரம் ஓரிடத்தில் நிலைத்த ஒலி. நம் சட்சமோ பாடுவோன் கொண்ட சுருதியில் நிற்பது. கமகத்தில் சுரம் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. தோடியில் காந்தாரம் அசையும் அசைவை ஒரு தலையும் ஒரு காம்பும் காட்டுமாறில்லை. தீட்சிதரின் குறிகளை லிலிபாண்டில் சேர்க்க விரும்புவோர் அவற்றின் வடிவத்தை எழுத்துருவாக வரைவது எளிய பகுதி. ஒவ்வொரு குறியும் எந்தச் சுரத்தினின்று எழுந்து, எதனைத் தொட்டு, எவ்வளவு காலத்தில் மீளுகின்றது என்பதை நிரலாசிரியனுக்கு விளங்கும் சொல்லில் வரையறுத்தல் கடினமான பகுதி. அவ்வரையறை கணிப்பொறி வல்லாரிடமிருந்து வரக்கூடியதன்று. பாடம் கேட்டு அந்நூலைப் பயின்றவரே எழுதுதல் வேண்டும்.