வரிசைத் தட்டு ஏந்திய நகரங்கள்

மாப்பிள்ளை வீட்டார் வாய்திறந்து கேட்பதில்லை. "உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்பார்கள். அடுத்த வீட்டில் எத்தனை பவுன் பேசியிருக்கிறார்கள் என்பதையும் காதிலே போட்டுவைப்பார்கள். அமெரிக்காவின் அமேசான் நிறுவனத்துக்கோ அந்தக் கூச்சங்கூட இல்லை. சியாட்டில் நகரிலே தலைமையகம் கொண்ட அந்நிறுவனம், 2017 செப்டம்பரில் அச்சிட்ட அறிக்கையே வெளியிட்டது. இரண்டாவது தலைமையகம் ஒன்று வேண்டும். 50,000 வேலைகள் தருவோம். 500 கோடி டாலருக்கு மேல் முதலிடுவோம். எந்த ஊர் என்ன சலுகை தரும் என்று எழுதி அனுப்புக!

எழுதின, 238 ஊர்கள்! டூசான் நகரத்தார் 21 அடி உயரக் கள்ளிமரத்தை அன்பளிப்பாக அனுப்பினர். ஜார்ஜியாவின் ஸ்டோன்கிரெஸ்ட் நகரம் 345 ஏக்கர் நிலத்தைப் பிரித்து, அதற்கு அமேசான் என்றே பெயர் சூட்ட முன்வந்தது. நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ கூமோ, தம் பெயரையே அமேசான் கூமோ என்று மாற்றிக்கொள்ளத் தயார் என்று வேடிக்கை பேசினார். நுவார்க் நகருக்காக 700 கோடி டாலர் சலுகை பேசப்பட்டது. சிகாகோவுக்காகத் தயாரித்த திட்டத்திலே, ஊழியர்கள் செலுத்தும் வருமான வரியிலிருந்தே 132 கோடி டாலர் நிறுவனத்துக்குப் போய்ச்சேர வழி வகுத்திருந்தார்கள். உழைப்பவன் அரசுக்கென்று கட்டும் வரி, முதலாளியின் பெட்டிக்குள்! திண்ணைப் பேச்சாக இதைக் கேட்டிருந்தால் நாம் நம்பியிருக்கமாட்டோம்.

மாப்பிள்ளையின் சொந்த ஊரில் நடந்ததையும் பார்க்கவேண்டும். 2018 மே திங்களில் சியாட்டில் நகர மன்றம், வீடற்றோருக்கு உதவுவதற்காகப் பெரு நிறுவனங்கள்மீது ஊழியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 275 டாலர் வரி விதித்தது. ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. ஆனால், தீர்மானம் வருமுன்பே அமேசான் ஒரு கட்டடத் திட்டத்தை நிறுத்திவைத்து மிரட்டியிருந்தது, வணிகர்கள் திரண்டனர், ஒரு திங்களுக்குள் அதே மன்றம் அந்த வரியை நீக்கியது.

2018 நவம்பரில் முடிவு வந்தது. ஒன்றல்ல, இரண்டு ஊர்கள்: நியூயார்க்கின் லாங் ஐலண்டு சிட்டி; வர்ஜீனியாவின் ஆர்லிங்டன். ஒவ்வொன்றுக்கும் 25,000 வேலைகள். சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 1,50,000 டாலர். நியூயார்க் தருவதாகச் சொன்னது ஏறத்தாழ 300 கோடி டாலர். வேலை ஒன்றுக்கு 1,20,000 டாலர்! அந்த நிலத்துக்கு அருகில்தான் நாட்டிலேயே மிகப் பெரிய அரசுக் குடியிருப்பான குவீன்ஸ்பிரிட்ஜ் இருக்கிறது. அங்கே வாழும் ஏழைகளைக் கேட்டார்களா? நகர மன்றத்தையே கேட்கவில்லை. மன்றத்தின் ஒப்புதல் தேவைப்படாத மாநில வழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

மக்கள் கொதித்தெழுந்தனர். 2019 பிப்ரவரி 14 அன்று நிறுவனம் விலகிக்கொண்டது.

"பொன்முட்டையிடும் வாத்தை விரட்டிவிட்டீர்களே!" என்று சலுகைக்காரர்கள் புலம்பினர். 25 ஆண்டுகளில் 2,700 கோடி டாலர் வரி வருமானம் வரும்; ஒன்று போட்டால் ஒன்பது கிடைக்கும் என்பது அவர்கள் காட்டிய கணக்கு. நம் பக்கத்தார் சிலரோ, அந்த 300 கோடியும் கருவூலத்திலே கட்டிவைத்த பணம் என்றும், அதை ஆசிரியர்களுக்குச் சம்பளமாகத் தரலாம் என்றும் பேசினர். அது தவறு. ரொக்கமாகத் தர இருந்தது 32.5 கோடி, பெரும்பகுதி, நிறுவனம் வந்தபின் விட்டுக்கொடுக்க இருந்த வரி. எதிராளியின் மயக்கத்தைத் தாக்கும் நாம், நம்மவர் மயக்கத்தை மறைக்கலாகாது.

ஆனால், ஒன்பது மடங்குக் கணக்கின் அடித்தளம் என்ன? சலுகை இல்லாவிட்டால் ஒரு வேலையும் வந்திராது என்ற நம்பிக்கை! ஐப்பசியில் யாகம் வளர்த்து, கார்த்திகையில் பெய்த மழைக்குத் தட்சணை கேட்கும் புரோகிதரின் கணக்கல்லவா இது? யாகம் வளர்க்காத ஊரிலும் மழை பெய்ததா என்று பார்ப்பதுதானே அறிவு? பொருளியலறிஞர் திமோத்தி பார்டிக் அப்படித்தான் பார்த்தார். பல ஆய்வுகளை ஒப்பிட்டு 2018இல் அவர் கண்ட முடிவு: சலுகை பெற்ற நிறுவனங்களில் நூற்றுக்கு 2 முதல் 25 வரைதான் சலுகையால் முடிவை மாற்றிக்கொண்டவை. ஏனையவை எப்படியும் வந்திருக்கும்.

நியூயார்க்கே அதற்குச் சான்று தந்தது. விலகிப்போன அதே அமேசான், 2019 டிசம்பரில் மன்ஹாட்டனில் 1,500 பேருக்கு அலுவலகம் வாடகைக்கு எடுத்தது. 2020இல் ஐந்தாம் அவென்யூவில் பழைய பேரங்காடிக் கட்டடம் ஒன்றையே விலைக்கு வாங்கியது. பேசிய வரிசை எதுவும் வாங்காமலே வந்தது! இது 25,000 வேலைக்கு ஈடாகாது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், கற்றவர்களும் கணிப்பொறி வல்லுநர்களும் குவிந்திருக்கும் நகரத்தைத் தேடி நிறுவனம் தானே வரும் என்பது விளங்கிற்று.

வர்ஜீனியாவின் ஒப்பந்தம் அறிவுடன் எழுதப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேலை ஒன்றுக்கு 22,000 டாலர். 25,000 வேலைக்கு 55 கோடி. அதுவும் வேலை தந்து காட்டிய பின்னரே. 2023 மார்ச்சில் அமேசான் அங்கே இரண்டாம் கட்டக் கட்டடப் பணியைத் தள்ளிப்போட்டது. வராத வேலைக்கு அம்மாநிலம் காசு தரவேண்டியதில்லை. ஆனால், அதே ஒப்பந்தத்தையொட்டி வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்காகத் திட்டமிட்ட கணினிக் கல்வி வளாகம் அமேசானுக்காகக் காத்திருக்கவில்லை. 2025இல் அலெக்சாண்டிரியா நகரிலே அதன் முதற் கட்டடத்தில் வகுப்புகள் தொடங்கிவிட்டன.