மனம்போல வாழ்வும் வாழ்வுபோல மனமும்

பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் இக்காலத்து மாணவர் பெறும் நூல்களிற் பல ஒரே இனத்தைச் சார்ந்தவை. தாழ்வான எண்ணங்களை அகற்றி நல்லெண்ணங்களைப் பழக்கமாக்கினால் மூளையே புதிதாய் அமையும், மூளை மாறினால் வாழ்வு மாறும் என்பது அவற்றின் சாரம். இக்கருத்துப் புதியதன்று. தமிழில் இதற்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் வ. உ. சிதம்பரம்பிள்ளை என்பதை இந்நூல்களை எழுதுவோர் நினைவுகூர்வதாகத் தெரியவில்லை.

ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் அலன் 1903இல் வெளியிட்ட சிறுநூலொன்றை வ. உ. சி. தமது சிறைவாசக் காலத்திலே ‘மனம்போல வாழ்வு’ எனத் தமிழாக்கினார். 1909 அதன் ஆண்டு. பின்னர் ‘அகமே புறம்’ முதலிய நூல்களாக அலனின் வேறு படைப்புக்களையும் தந்தார். மனத்தைத் தோட்டத்துக்கு ஒப்பிடுகிறார் அலன். களை பிடுங்கிப் பயிரிடுபவன் நற்பலன் பெறுவான். உவமை அழகானதே. ஆனால் அத்தோட்டம் யாருடைய நிலத்தில் உள்ளது, நீர் யார் கையில் இருக்கிறது என்னும் வினாக்கள் அந்நூலில் எழுவதில்லை. மனிதனின் சூழ்நிலை அவன் எண்ணத்தின் விளைவே என்பது அலனின் துணிபு. அவருடைய தந்தையாரோ வேலை தேடி அமெரிக்கா சென்று, சென்ற சிறிது காலத்திலேயே கொலையுண்டவர். அதனால் பதினைந்தாம் வயதிலே படிப்பை விட்டு அலன் தொழிலுக்குச் செல்ல நேர்ந்தது. அந்த மரணத்தை எவருடைய எண்ணம் விளைவித்தது? தம் வாழ்வின் பெருந்துயருக்கே விடைகூற இயலாத தத்துவத்தை அவர் உலகிற்கு வழங்கினார்.

இத்தகைய நூல் வ. உ. சி.க்கு ஏன் வேண்டியிருந்தது? 1906இல் சுதேசிக் கப்பற் கம்பனியை நிறுவி, தூத்துக்குடிக்கும் நமது கொழும்புக்குமிடையே கப்பல் விட்டவர் அவர். 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கி, கூலியுயர்வும் வார விடுமுறையும் கிடைக்க வழிசெய்தவர். உங்கள் எண்ணத்தைத் திருத்துங்கள் என்று அவர் அத்தொழிலாளரிடம் உபதேசிக்கவில்லை. கூலியைத் திருத்துமாறு முதலாளிமாரிடம் கேட்டார். அதே ஆண்டிற் சிறை. அங்கே மாட்டின் இடத்தில் நிறுத்தப்பட்டுச் செக்கிழுத்தார். வெளியுலகம் முழுவதும் பூட்டப்பட்ட ஒருவருக்குத் தம் ஆளுகையில் எஞ்சியது மனம் ஒன்றே. அதைக் கலங்காது காக்க அலனின் நூல் உதவியிருக்கும் என நாம் கொள்வதில் தவறில்லை. ஆயினும் அவர் சிறையிலிருந்த காலத்திலேயே கம்பனி கலைக்கப்பட்டது. 1912இல் விடுதலை பெற்று வந்தவரை எதிர்கொண்டது வறுமை. அவருடைய மனவலிமையிற் குறை காண யாருக்குத் துணிவுண்டு?

இன்றைய நூல்கள் தோட்டத்தைக் கைவிட்டு மூளையைப் பற்றிக்கொண்டுள்ளன. மூளை அனுபவத்தால் மாறுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. சேர்ந்து இயங்கும் நரம்புக் கலங்களின் தொடர்பு வலுப்பெறும் என்ற கருத்தை டொனால்ட் ஹெப் 1949இலேயே முன்வைத்தார். உளச்சோர்வுற்றோரின் எண்ணப்போக்கை ஆராய்ந்து திருத்தும் சிகிச்சை பலருக்குப் பயன்தந்திருக்கிறது. விஞ்ஞானத்தைப் பழிப்பது முற்போக்காகாது. அதைச் சந்தைக்கேற்பச் சுருக்குவதையே நாம் எதிர்க்கிறோம்.

‘இருபத்தொரு நாளிற் புதிய பழக்கம்’ என்ற வாய்பாட்டையே பார்ப்போம். முக அமைப்பைத் திருத்தும் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் மக்ஸ்வெல் மோல்ற்ஸ், தம் நோயாளர் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என 1960இல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல்லும் ‘ஏறக்குறைய’ என்ற சொல்லும் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன. நாட்கணக்கு மட்டும் நின்றது. 2009இல் வெளிவந்த இலண்டன் ஆய்வொன்றில் 96 பேர் பங்குபற்றினர். பழக்கம் நிலைபெற 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாமென அதில் மதிப்பிடப்பட்டது. இடைநிலை 66 நாள். அவர்கள் பழகியதோ உண்ணல், பருகல், உடற்பயிற்சி போன்ற எளிய செயல்களை. வாழ்க்கை நோக்கையே மாற்றுவதற்கு அதைச் சான்றாகக் காட்டுவது நேர்மையன்று.

இதனால் விளையும் கேட்டை வகுப்பறையிற் காண்கிறோம். பரீட்சையிற் சித்தியெய்தாத மாணவன் தன் எண்ணமே தன்னைத் தோற்கடித்ததென்று நம்புகிறான். தன் பாடசாலையிற் கணித ஆசிரியர் இல்லாதிருந்த மாதங்களை அவன் கணக்கிற் சேர்ப்பதில்லை. கணக்கிற் சேர்த்திருக்க வேண்டியவர்களும் அவனுக்கு இந்நூல்களையே பரிசளிக்கின்றனர்.

‘மனம்போல வாழ்வு’ ஒதுக்கப்பட வேண்டிய நூலன்று. அதை மீண்டும் அச்சிடும் பதிப்பாளர், கோரல் ஆலை வேலைநிறுத்தத்தின் வரலாற்றையும் முன்னுரையாகச் சேர்த்து வெளியிட வேண்டுமென்பதே நமது கோரிக்கை.