இரண்டாம் கியர் விழாத நைட்ரோ கார்

இன்ஜின் கத்துகிறது, ஆனால் கார் அந்தச் சத்தத்துக்கு ஏற்ற வேகத்தில் ஓடவில்லை. இரண்டு கியர் உள்ள நைட்ரோ ரேடியோ கன்ட்ரோல் காரைப் பழையதாக வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. சென்னை பெருங்குடியில் என் மேசைக்கு வந்த காரும் அப்படித்தான் இருந்தது. பத்தில் ஒரு பங்கு அளவு, தார்ச்சாலைக்கான மாடல், 0.18 கன அங்குல இன்ஜின், அதாவது ஏறக்குறைய 3 சி.சி. முதல் கியரிலேயே உயிரைக் கொடுத்து ஓடியது. சில நேரம் அதுவும் பிடிக்காமல் நின்ற இடத்திலேயே உறுமியது.

டிவிஎஸ் எக்ஸெல் ஓட்டியவர்களுக்கு இந்த கியர்பாக்ஸில் பாதி ஏற்கெனவே தெரியும். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 முதல் இன்றைய எக்ஸெல் 100 வரை கிளட்ச் லீவர் கிடையாது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் கிளட்ச் ஷூ மையவிலக்கு விசையில் விரிந்து டிரம்மைப் பிடித்துக்கொள்கிறது. நைட்ரோ காரில் இன்ஜினை ஒட்டி இருப்பதும் அதே ஏற்பாடுதான். இரண்டு ஸ்பீடு கார் அதே உத்தியைப் பின்தண்டில் இன்னொரு முறை கையாளுகிறது. அங்கே கணினியும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஒரு ஷூ, ஒரு ஸ்பிரிங், ஒரு ஸ்க்ரூ, ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஒன்வே பேரிங். இவ்வளவு எளிய பொருள்கள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றில் தாமாகவே கியர் மாற்றுவதுதான் எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்த விஷயம்.

இன்ஜின் பக்கம் கிளட்ச் பெல் எனப்படும் டிரம்மில் இரண்டு சிறிய பல்சக்கரங்கள்: 16 பல், 21 பல். பின்தண்டில் அவற்றுக்கு ஜோடியாக 44, 39. கூட்டினால் இரண்டு ஜோடியும் 60. தண்டுகளுக்கு இடையிலான தூரம் ஒன்றேதான் என்பதால், பல்லின் அளவு மாறாதவரை இந்தக் கூட்டுத்தொகையும் மாறக் கூடாது. ஒரு சக்கரத்தை மட்டும் மாற்றி வேகம் கூட்ட நினைப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். முதல் கியரின் விகிதம் 2.75, இரண்டாவது 1.86. அதே இன்ஜின் சுற்றில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகம்.

கிளம்பும்போது 44 பல் சக்கரம் ஒன்வே பேரிங் வழியாகத் தண்டை இழுக்கிறது. வேகம் ஏற ஏற, தண்டோடு சுழலும் ஷூ ஸ்பிரிங்கை மீறி விரிந்து, 39 பல் சக்கரத்தோடு இணைந்த டிரம்மைப் பிடிக்கிறது. உடனே தண்டு முதல் கியர் சக்கரத்தைவிட வேகமாகச் சுழல்கிறது. ஒன்வே பேரிங் அதைத் தடுக்காமல் வழிவிடுகிறது.

ஆகவே பழுது எங்கே என்று கையாலேயே கண்டுபிடிக்கலாம். பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, முதல் கியர் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, டயரை முன்பக்கமாகச் சுற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். பின்பக்கமாகச் சுற்றினால் உடனே பூட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் காரில் பின்பக்கமும் வழுக்கியது. ஒன்வே பேரிங் போய்விட்டது.

காரணம் கிரீஸ். யாரோ நல்லெண்ணத்தில் கியர்பாக்ஸ் முழுக்க கெட்டி கிரீஸை அடைத்திருந்தார்கள். சைலன்சரிலிருந்து வழியும் எண்ணெயும், மெட்ரோ வேலை நடக்கும் ஓஎம்ஆர் சாலையின் புழுதியும் அதோடு சேர்ந்து களிம்பாகிவிட்டன. ஒன்வே பேரிங்கின் உருளைகள் நொடிப்பொழுதில் நகர்ந்து பிடிக்க வேண்டியவை. அவற்றுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். ஷூவும் டிரம்மும் முழுக்க உலர்ந்தே இருக்க வேண்டும். கழுவுவதற்கு ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கு விற்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது. தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் சக்கரம் கெட்டுப்போகும்.

பேரிங்குக்கு வெளிநாட்டு உதிரிபாகம் தேடி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. இதில் இருந்தது எச்எஃப் 0612 என்ற பொது அளவு: உள்விட்டம் 6 மி.மீ., வெளிவிட்டம் 10, நீளம் 12. பாரிமுனை பேரிங் கடையில் கேட்டதும், “நோட்டு எண்ணுற மெஷினுக்கா சார்?” என்றார் கடைக்காரர். அந்த மாதிரி மெஷின்களிலும் இந்த வகை பேரிங்தான் வேலை செய்கிறது. பொருத்தும் முன் எந்தப் பக்கம் பிடிக்கிறது என்று தண்டில் செருகிப் பார்த்துவிட வேண்டும். திருப்பிப் போட்டால் முதல் கியரே இருக்காது. சுத்தியலால் தட்டாமல் வைஸில் வைத்து மெதுவாக அழுத்துவதே சரி.

இரண்டாம் கியர் டிரம்மின் உட்புறம் வரிவரியாகத் தேய்ந்திருந்தது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் லேத்தில் ஒரு மெல்லிய சீவல், அவ்வளவுதான். ஷூவைத் தண்டோடு பிணைக்கும் கிரப் ஸ்க்ரூவை அலட்சியப்படுத்தக் கூடாது. அது தண்டில் தட்டையாகச் சீவிய இடத்தில் சரியாக உட்கார வேண்டும், நீல நிற திரெட்லாக் ஒரு துளி வேண்டும். சிவப்பு வேண்டாம், பிறகு சூடுகாட்டித்தான் கழற்ற முடியும்.

கியர் மாறும் புள்ளியைத் திருத்தும் முன் கார்புரேட்டரைத் திருத்துங்கள். இந்த வரிசையை நான் வலியுறுத்திச் சொல்வேன். சென்னையின் சூடான, ஈரமான காற்றில் ஆக்சிஜன் குறைவு. குளிர்நாட்டு மேனுவல் சொல்லும் ஊசி நிலையில் இங்கே எரிபொருள் மிகுந்துபோகும். இன்ஜின் உச்ச சுற்றை எட்டாது, இரண்டாம் கியரும் விழாது, பழி கியர்பாக்ஸ் மேல் வரும். ஓடி நின்றவுடன் பிளக் அருகே 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரி. காய்ச்சல் பார்க்கும் கருவி அதற்கு உதவாது, தொழிற்கூட இன்ஃப்ராரெட் வெப்பமானி வேண்டும். பிறகுதான் ஸ்பிரிங் ஸ்க்ரூ. இறுக்கினால் கியர் தாமதமாக மாறும், தளர்த்தினால் சீக்கிரம் மாறும். ஒவ்வொரு முறையும் அரைக்கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். கியர் மாறியதும் இன்ஜின் திணறினால் சீக்கிரம் மாறுகிறது என்று அர்த்தம்.

சரியான பிறகு அந்த மாற்றம் காதில் தெளிவாக விழுகிறது. ஏறிக்கொண்டே போகும் குரல் ஒரு படி இறங்கி மீண்டும் ஏறுகிறது, கார் முன்னால் பாய்கிறது. ஆனால் அதற்கு நீளமான நேர்த்தளம் தேவை. அடுக்குமாடி பார்க்கிங்கில் இரண்டாம் கியருக்கு இடமே வராது. பொதுச்சாலையில் ஓட்டக் கூடாது. பக்கத்திலிருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022 முதல் ராம்சர் தளம், பறவைகளின் இடம். அதன் ஓரத்திலும் இந்தச் சத்தம் வேண்டாம். ஞாயிறு காலையில் அனுமதி பெற்ற ஒரு தொழிற்கூட வளாகம்தான் எனக்குச் சரிப்பட்டது. நேர்த்தளம் கிடைக்காதவர்கள் ஒற்றை கியர் காரோ பேட்டரி காரோ வாங்கலாம். பிரித்துச் சேர்ப்பதில் மகிழ்ச்சி காண்பவர்களுக்கு இரண்டு ஸ்பீடைத் தயங்காமல் சொல்வேன்.

எரிபொருளில் கவனம் தேவை. அதில் பெரும்பகுதி மெத்தனால், மீதி நைட்ரோமீத்தேனும் எண்ணெயும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். தமிழ்நாட்டில் மெத்தனாலுக்கு 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டுப்பாடு உண்டு. வீட்டில் கலக்க முயலாதீர்கள். கணக்கோடு விற்கும் ஹாபி கடையில் மூடிய கேனாக வாங்கி, பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். மெத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் மூடி எப்போதும் இறுக்கமாக இருக்கட்டும். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜினில் மிச்சமிருப்பதையும் எரித்துத் தீர்த்து, பிளக்கைக் கழற்றி சில சொட்டு ஆஃப்டர்ரன் எண்ணெய் விட்டு ஃப்ளைவீலைக் கையால் சுழற்றிவிடுங்கள். இல்லையென்றால் இந்தச் சதுப்போரக் காற்றில் கிராங்க் பேரிங் துருப்பிடித்துவிடும், அதை மாற்றுவது கியர்பாக்ஸைவிடப் பெரிய வேலை.